வேறொரு புராசசருக்குக் கெர்னல் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு பதினொரு மணிக்கு ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தான். ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிக்காகத் தன் லேப்டாப்பில், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை மூலக் குறியீட்டிலிருந்து கம்பைல் செய்துகொண்டிருந்தான். "அண்ணா, மெனுவில் அந்த டிரைவரைத் தேர்வு செய்து சேமித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது கோப்பைத் திறந்தால் அந்த வரியையே காணவில்லை" என்றான். தேர்வுகள் சேமிக்கப்படும் டாட் கான்ஃபிக் கோப்பின் மூன்றாவது வரியைப் படிக்கச் சொன்னேன். "லினக்ஸ், எக்ஸ்86" என்று படிக்கத் தொடங்கியவன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். ஆர்ம்64 என்று இருக்க வேண்டிய இடம் அது.

அவன் செய்தது ஒரே ஒரு தவறு. ஆர்ம் புராசசருக்காகத் தேர்வுகளை முடித்துவிட்டு, அடுத்த கட்டளையில், எந்தப் புராசசர் வகைக்கு என்று சொல்லும் ஆர்ச் என்ற மாறியைக் கொடுக்க மறந்துவிட்டான். ஆர்ச் கொடுக்கப்படாவிட்டால், கட்டளை ஓடும் மெஷின் எந்த வகையோ அதுவே இலக்கு என்று கெர்னலைக் கட்டும் வழிமுறைகள் அடங்கிய மேக்ஃபைல் எடுத்துக்கொள்ளும். லேப்டாப் எக்ஸ்86 வகை. ஆகவே ஆர்முக்கே உரிய தேர்வுகள் எல்லாம் பொருளற்றவையாகி, ஒரு எச்சரிக்கை கூட இல்லாமல் உதிர்ந்துவிட்டன.

இந்த மௌனத்தைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. கெர்னலின் தேர்வுகளை ஆளும் கேகான்ஃபிக் என்ற மொழி 2002-இல், 2.5.45 பதிப்பில் வந்தது. ஒவ்வொரு தேர்வும் எதைச் சார்ந்தது என்று அதில் எழுதி வைத்திருப்பார்கள். சார்பு நிறைவேறாவிட்டால் அந்தத் தேர்வு இல்லாமல் போகும். ஏன் போனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சத்தம் போட்டு நிற்கும் பிழைகளைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. அவற்றைப் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். சத்தமில்லாமல் கடந்துபோகும் பிழைகள்தான் இரண்டு நாள்களைத் தின்றுவிடுகின்றன. இங்கே எழுதுவது பெரும்பாலும் அவற்றைப் பற்றித்தான். உதாரணத்துக்கு எக்ஸ்86 லேப்டாப்பில் உட்கார்ந்துகொண்டு 64 பிட் ராஸ்பெரி பைக்குக் கெர்னல் கட்டுவதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஆர்ச்சும் கம்பைலரும்

முதலில் பெயர்க் குழப்பம். கம்பைலரின் பெயர் ஏஆர்ச்64 என்று தொடங்கும். கெர்னலிலோ அதே புராசசர் குடும்பத்துக்கு ஆர்ம்64 என்று பெயர். இந்த ஆதரவு முதலில் ஏஆர்ச்64 என்ற பெயரில்தான் அனுப்பப்பட்டது. விவாதத்துக்குப் பிறகு கோப்புறையின் பெயர் ஆர்ம்64 என்று மாறி, 2012 டிசம்பரில் 3.7 பதிப்பில் சேர்ந்தது. கம்பைலர் பழைய பெயரோடு நின்றுவிட்டது. ஆர்ச்சுக்கு ஏஆர்ச்64 என்று கொடுத்தால் அப்படி ஒரு கோப்புறையே இல்லை என்று, மேக்ஃபைலை ஓட்டும் மேக் கட்டளை உடனே நின்றுவிடும். நல்லதுதான். ஆனால் 64-ஐ விட்டுவிட்டு வெறும் ஆர்ம் என்று எழுதினால் நிற்காது. 32 பிட் ஆர்முக்கான கோப்புறை தனியாக இருப்பதால், கேட்காத கெர்னலுக்கான மெனு அழகாகத் திறந்துகொள்ளும்.

ஒரு வகை மெஷினில் இருந்துகொண்டு வேறொரு வகைக்குக் கட்டும் கம்பைலரைக் கிராஸ் கம்பைலர் என்பார்கள். அதைச் சுட்டும் கிராஸ் கம்பைல் என்ற மாறியில் கொடுப்பது கம்பைலரின் முழுப் பெயர் அல்ல, அதன் முன்னொட்டு. இறுதியில் உள்ள சிறு கோடும் அந்த முன்னொட்டின் பகுதிதான். அதை விட்டால் முன்னொட்டும் ஜிசிசி என்ற கம்பைலர் பெயரும் ஒட்டிக்கொண்டு, உலகில் இல்லாத ஒரு கம்பைலரைத் தேடும்.

இனிச் சொல்லப்போவது பலர் அறியாதது. "கம்பைலர் தேவைப்படுவது கம்பைல் செய்யும்போதுதானே, மெனுவைத் திறக்க ஆர்ச் மட்டும் போதும்" என்று நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அது சரி. 2018-இல் வந்த 4.18 பதிப்பிலிருந்து மெனு திறக்கும்போதே கேகான்ஃபிக் கம்பைலரை ஓட்டிப் பார்த்து, இந்த வசதி உனக்குத் தெரியுமா, அந்த வசதி தெரியுமா என்று கேட்கிறது. கிராஸ் கம்பைல் கொடுக்காமல் மெனுவைத் திறந்தால் அந்தக் கேள்விகள் லேப்டாப்பின் எக்ஸ்86 கம்பைலரிடம் போகும். ஆர்முக்கே உரிய பாயின்டர் சரிபார்ப்பு போன்ற பாதுகாப்பு வசதிகளைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? தெரியாது என்கிறது, அந்தத் தேர்வுகள் மெனுவிலிருந்தே மறைகின்றன. மெனு முழுமையாகத்தான் தெரியும். இல்லாத ஒன்றை யார் தேடப்போகிறார்கள்? சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. டாட் கான்ஃபிக் கோப்பின் தொடக்கத்திலேயே எந்தக் கம்பைலரை வைத்து அது உருவானது என்று ஒரு வரி இருக்கும். அங்கே உங்கள் கிராஸ் கம்பைலரின் பெயர் இல்லையென்றால், அதுவரை செய்த தேர்வுகளை நம்ப வேண்டாம்.

ஆகவே மெனுவைத் திறக்கும் மெனுகான்ஃபிக், விடுபட்ட தேர்வுகளை இயல்பு மதிப்பால் நிரப்பும் ஓல்டுடெஃப்கான்ஃபிக், கம்பைல், நிறுவுதல் என்று ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு மாறிகளையும் கொடுக்க வேண்டும். நான் அவற்றை ஒரு சிறு ஸ்கிரிப்டுக்குள் வைத்து, மேக்கை நேரடியாக அழைப்பதையே நிறுத்திவிட்டேன். டெர்மினலில் ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சூடோ கட்டளை வரும் இடத்தில் அது கவிழும். சூடோ பொதுவாக நாம் வைத்த மாறிகளைத் துடைத்துவிட்டுத்தான் ஓடும். தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றப்படும் மாட்யூல்களைப் பையின் எஸ்டி கார்டில் வைக்க நீங்கள் எக்ஸ்போர்ட் செய்த பாதை அங்கே போய்ச் சேராது. ஆர்ம் மாட்யூல்கள் அனைத்தும் லேப்டாப்பின் சொந்த மாட்யூல் கோப்புறைக்குள் போய் உட்காரும். பையில் வைஃபை வரவில்லையே என்று நீங்கள் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள். மாறிகளைச் சூடோவுக்குப் பின்னால், மேக்கோடு சேர்த்தே எழுதுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது

லேப்டாப்பின் பூட் கோப்புறையில் ஒரு கான்ஃபிக் கோப்பு இருக்கிறது என்பதற்காக அதை நகலெடுத்துத் தொடங்க வேண்டாம். அது எக்ஸ்86-க்கானது. மூலக் கெர்னலில் ஆர்ம்64-க்கென்று டெஃப்கான்ஃபிக் என்ற தொடக்கத் தேர்வுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. பல நிறுவனங்களின் போர்டுகளையும் அணைத்துச் செல்வதால் அது பெரியது. ராஸ்பெரி பையின் சொந்தக் கெர்னலில் பை 4-க்கு பிசிஎம்2711, பை 5-க்கு பிசிஎம்2712 என்று தனித்தனித் தொடக்கங்கள் உண்டு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பையிலிருந்தும் எடுக்கலாம். அதில் கான்ஃபிக்ஸ் என்ற மாட்யூலை ஏற்றினால், ஓடும் கெர்னலின் தேர்வுகள் அத்தனையும் புராக் கோப்புறையில் சுருக்கப்பட்ட கோப்பாகக் கிடைக்கும்.

லோக்கல்மாட்கான்ஃபிக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கும் வசதி அது. கம்பைல் நேரம் வெகுவாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் அது பட்டியல் எடுப்பது கட்டளை ஓடும் மெஷினில். லேப்டாப்பில் ஓட்டினால் லேப்டாப்பின் மாட்யூல்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, பைக்குத் தேவையானவற்றை வெட்டிவிடும். ஏற்றப்பட்ட மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் கட்டளையைப் பையில் ஓட்டி, அந்தப் பட்டியலைக் கோப்பாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அப்போதும், பட்டியல் எடுத்த நேரத்தில் செருகப்படாத யூஎஸ்பி கருவிகளுக்கு டிரைவர் இருக்காது. கேமராவோ டாங்கிளோ எதுவானாலும் எல்லாவற்றையும் செருகிய பிறகே பட்டியல் எடுங்கள்.

கோப்பை எடிட்டரில் திறந்து கையால் திருத்துவதும் பரவலான பழக்கம். அந்தக் கோப்பில் ஒரு விந்தை இருக்கிறது. ஹேஷ் குறியோடு தொடங்கி, இன்ன தேர்வு அமைக்கப்படவில்லை என்று சொல்லும் வரிகளைப் பார்த்தால் வெறும் குறிப்புகள் போலத் தோன்றும். அவை குறிப்புகள் அல்ல. "இது வேண்டாம்" என்ற உங்கள் முடிவே அந்த வரி. கோப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று அவற்றை நீக்கினால், முடிவே எடுக்கப்படவில்லை என்று கேகான்ஃபிக் பொருள்கொண்டு தன் இயல்பு மதிப்பைப் போட்டுவிடும். வேண்டாம் என்று நீங்கள் நிறுத்தியது மறுபடி உயிர் பெறும். கெர்னலோடு வரும் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் இதற்கென்றே கான்ஃபிக் என்றொரு சிறு கருவி இருக்கிறது. அதில் மாற்றி, ஓல்டுடெஃப்கான்ஃபிக் ஓட்டி, நீங்கள் போட்டது கோப்பில் தங்கியிருக்கிறதா என்று கிரெப் கட்டளையால் தேடிப் பாருங்கள். தங்கவில்லையென்றால் மெனுவில் சாய்கோட்டை அழுத்தி அந்தப் பெயரைத் தேடினால், அது எதைச் சார்ந்தது, எது குறைகிறது என்று காட்டும்.

பக்க அளவு

கெர்னல் நினைவகத்தைப் பக்கம் என்ற துண்டுகளாகப் பிரித்துக் கையாளும். ஆர்ம்64-இல் அந்தப் பக்கத்தின் அளவை 4, 16, 64 கேபி என்று மூன்றில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கலாம். எக்ஸ்86-இல் 4 கேபியே அடிப்படை என்று பழகியவர்களுக்கு இது புதிது. பெரிய பக்கம் என்றால் வேகம் என்று எங்கோ படித்துவிட்டு 64-ஐத் தேர்வு செய்கிறார்கள். சில வேலைகளில் வேகம் கூடுவது உண்மைதான். பை 5-க்கான கெர்னல் 16 கேபியில்தான் வருகிறது. ஆனால் பக்க அளவு கெர்னலோடு முடிந்துபோகும் விஷயம் அல்ல. அதன் மேல் ஓடும் மென்பொருள்களையும் தொடுகிறது. 4 கேபி என்று நம்பிக் கட்டப்பட்ட ஜெமலாக் போன்ற நினைவக நூலகம் பெரிய பக்கத்தில் ஏறினால், இந்த அளவை ஆதரிக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடும். 32 பிட் மென்பொருள்களை ஓட்டும் தேர்வு சாதாரணமாக 4 கேபியோடு பிணைந்தது. அளவை மாற்றியதும் அது மெனுவிலிருந்து மறையும். பழைய 32 பிட் கருவி ஏன் திடீரென்று ஓடவில்லை என்று பிறகு தேட நேரும்.

பெரிய நிறுவனங்களே இதில் மனம் மாற்றியிருக்கின்றன. ரெட்ஹாட் நிறுவனத்தின் லினக்ஸில் எட்டாம் பதிப்பு வரை ஆர்ம்64-க்கு 64 கேபி. ஒன்பதாம் பதிப்பில் 4 கேபியை இயல்பாக்கினார்கள். தெளிவான காரணம் கையில் இல்லாமல் இந்தத் தேர்வைத் தொடாதீர்கள் என்பதே என் கருத்து.

புராசசருக்கு ஏற்பச் செதுக்குதல்

"என் புராசசருக்கென்றே கட்டுகிறேன், கம்பைலருக்கு அந்தப் புராசசரின் பெயரைக் கொடுத்தால் வேகம் கூடுமே" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. கணக்கு மென்பொருள்களில் அந்த வேகம் பெரும்பாலும், பல எண்களை ஒரே நேரத்தில் கையாளும் வெக்டர் கட்டளைகளிலிருந்து வருகிறது. கெர்னலோ புராசசரின் பொதுப் பதிவேடுகளை (ரெஜிஸ்டர்களை) மட்டுமே பயன்படுத்தும்படி கம்பைல் ஆகிறது. மிதவைப் புள்ளிக்கும் வெக்டருக்கும் அங்கே மிகச் சில இடங்களில்தான் அனுமதி. எனவே கிடைக்கும் லாபம் சொற்பம்.

புதிய புராசசர்களின் வசதிகளைப் பயன்படுத்துவதற்கு ஆர்ம்64 கெர்னல் வேறு வழி வைத்திருக்கிறது. பை 4-இல் உள்ள கார்டெக்ஸ் ஏ72, ஆர்ம்வி8.0 தலைமுறை. பை 5-இல் உள்ள ஏ76, 8.2 தலைமுறை. 8.1-இல் வந்த எல்எஸ்இ என்ற, இடையில் துண்டிக்கப்படாமல் முழுதாக நடக்கும் அணுநிலைக் கட்டளைகள் முன்னதில் இல்லை, பின்னதில் உண்டு. கெர்னல் இரண்டு வடிவங்களையும் சுமந்துகொண்டு, பூட் ஆகும்போது புராசசரைப் பார்த்துப் பொருத்தமான வடிவத்தைத் தன் குறியீட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். பழைய புராசசர் என்பதற்காக அந்தத் தேர்வுகளை அணைக்கத் தேவையில்லை. மாறாக, ஏ76-இன் பெயரைக் கம்பைலருக்கு நேரடியாகக் கொடுத்துக் கட்டிய கெர்னல் பை 4-இல் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இதைவிட ஆபத்தானது எர்ராட்டா மெனு. புராசசர் சிலிக்கானிலேயே இருக்கும் குறைகளுக்கான மாற்று வழிகள் அங்கே எண்களோடு வரிசையாக நிற்கும். அளவைக் குறைக்கிறேன் என்று இவற்றை மொத்தமாக அணைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 843419 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பை 3-இல் உள்ள கார்டெக்ஸ் ஏ53-இன் குறை அது. முகவரி கணக்கிடும் ஒரு கட்டளை 4 கேபி பக்கத்தின் கடைசி இரண்டு இடங்களில் ஒன்றில் விழுந்து, அதன்பின் சில கட்டளைகள் குறிப்பிட்ட வரிசையில் வந்தால், புராசசர் தவறான முகவரியைத் தொடக்கூடும். கட்டளை எந்த இடத்தில் விழும் என்பது ஒவ்வொரு கம்பைலிலும் மாறும். இன்று நன்றாக ஓடும் கெர்னல், சம்பந்தமே இல்லாத ஒரு டிரைவரைச் சேர்த்ததும் நாளை விழலாம். அப்படி ஒரு கோளாறைத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் புராசசருக்கு உரிய எர்ராட்டாவில் கை வைக்காதீர்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் எதிலுமே கை வைக்காதீர்கள்.

பூட் ஆகாதபோது

மாட்யூலாக வைப்பதா, கெர்னலுக்குள்ளேயே சேர்ப்பதா என்ற கேள்வி, எல்லாக் கோப்புகளுக்கும் அடிப்படையான ரூட் கோப்பு முறைமையில்தான் உயிர்நாடி. எஸ்டி கார்டின் டிரைவரும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையின் டிரைவரும் மாட்யூலாக இருந்து, தொடக்கத்திலேயே நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்-உம் இல்லையென்றால், கார்டைப் படிக்கத் தேவையான டிரைவர் அந்தக் கார்டுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். ரூட்டை ஏற்ற முடியவில்லை என்று சொல்லிக் கெர்னல் பேனிக் ஆகி நின்றுவிடும்.

அந்தச் செய்தியைப் படிக்கவாவது, கம்பி வழியாக எழுத்துச் செய்திகளை வேறொரு கணினிக்கு அனுப்பும் சீரியல் கன்சோல் வேண்டும். பை 4-இல் 8, 10-ஆம் பின்களில் இயல்பாக வருவது மினி யூஆர்ட் என்ற சீரியல் சுற்று. நல்ல யூஆர்ட் புளூடூத்துக்குப் போயிருக்கும். இரண்டுக்கும் டிரைவர் வேறு. தவறானதை மட்டும் வைத்திருந்தால் நன்றாக ஓடும் கெர்னல்கூட ஊமையாகத் தெரியும். இரண்டையும், அவற்றின் கன்சோல் தேர்வையும் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். அதில் மிச்சம் பிடிப்பதில் ஒரு லாபமும் இல்லை.

எக்ஸ்86 பழக்கத்தில் மேக்கிடம் பிஇசட்இமேஜ் என்ற கோப்பைக் கேட்காதீர்கள், இங்கே கெர்னல் கோப்பின் பெயர் இமேஜ்தான். போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்புகளையும் அதே மூலத்திலிருந்து கட்டி, கெர்னலோடு சேர்த்தே நகலெடுங்கள். பதிப்பெண்ணோடு ஒட்டிக்கொள்ளும் லோக்கல் வெர்ஷன் என்ற தேர்வில் உங்களுக்கென்று ஒரு பின்னொட்டு வையுங்கள். இல்லாவிட்டால் அதே பதிப்பெண்ணுள்ள பழைய மாட்யூல்களின் மேல் புதியவை எழுதப்படும். கார்டின் பூட் பகுதியில் உள்ள கெர்னல்8 என்ற பழைய கெர்னல் கோப்பின் மேல் உங்களுடையதை எழுதாமல் வேறு பெயரில் வைத்து, அங்கேயே உள்ள கான்ஃபிக் டெக்ஸ்ட் கோப்பில் கெர்னல் என்ற ஒரு வரியால் அதைச் சுட்டுங்கள். டிவைஸ் ட்ரீயின் பழைய பிரதியையும் தனியே எடுத்து வையுங்கள். பூட் பகுதி ஃபாட் வகை என்பதால் எந்தக் கணினியிலும் திறக்கும். பூட் ஆகவில்லையென்றால் கார்டைக் கழற்றி லேப்டாப்பில் செருகி, அந்த வரியை நீக்கி, பழைய டிவைஸ் ட்ரீயைத் திரும்ப வைத்தால் பை பழையபடி எழுந்துகொள்ளும்.