மின்சைக்கிளை வண்டியில் ஏற்றிச் செல்வது எப்படி?

புதுச்சேரியிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வீடு மாற்றியபோது என் மின்சைக்கிளைப் பத்திரமாகக் கொண்டுவந்த முறையை, முதன்முறையாக இதைச் செய்பவர்களுக்காக எழுதுகிறேன். ஓட்டியே வந்துவிடலாம்தான், ஆனால் 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத வண்டியைப் பேருந்துகள் விரையும் கடலூர் சாலையில் ஓட்டுமாறு நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

படி 1: பேட்டரியைக் கழற்றுங்கள். சாவியைத் திருப்பி உருவுவது எளிது. அதன் பிறகு செய்வதுதான் முக்கியம். கழற்றிய பேட்டரியின் முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டேயிருப்பதால், ஒரு ஸ்பேனரோ சாவிக்கொத்தோ இரண்டு முனைகளையும் ஒருசேரத் தொட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடும். இன்சுலேஷன் டேப்பை நேரடியாக முனைகளின் மேல் ஒட்டினால் பசை படிந்து பிறகு இணைப்புச் சரியாகக் கிடைக்காது. எனவே பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டை வைத்து, அதன் மேல் டேப்பைச் சுற்றுங்கள். சைக்கிள் சட்டத்தில் பேட்டரி வந்து இணையும் உலோகப் பின்களையும் (pins) பாலித்தீன் உறையால் மூடுங்கள். நம் கடற்கரையின் உப்புக்காற்றில் ஈரம் பட்ட பின்கள் விரைவில் பச்சையாகக் களிம்பேறிவிடும்.

படி 2: வண்டியைத் தேர்ந்தெடுங்கள். மின்சைக்கிள் பெரும்பாலும் இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். காரின் பின்பக்கக் கேரியரில் குறித்துள்ள எடை வரம்பைப் பார்க்காமல் ஏற்றாதீர்கள். என்னைக் கேட்டால் குட்டியானைதான் சிறந்தது.

படி 3: நிற்க வைத்துக் கட்டுங்கள். ஸ்டாண்டை மடக்கி, முன்சக்கரத்தை டிரைவர் கேபின் பக்கத்துத் தடுப்போடு ஒட்டவைத்து, இருபுறமும் சட்டத்திலேயே பெல்ட்டை இழுத்துக் கட்டுங்கள். நைலான் கயிறு வழியில் தளர்ந்துவிடும் என்பதால் ராட்செட் பெல்ட்டையே (கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பட்டை) விரும்புகிறேன். பின்சக்கர அச்சின் ஓரத்திலிருந்து வெளிவரும் மோட்டார் ஒயர், பிரேக் டிஸ்க் ஆகியவற்றின் மேல் பெல்ட் படவே கூடாது. அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும் ஒருமுறை நிறுத்தி, இறுக்கத்தைச் சரிபாருங்கள்.

பேட்டரியைத் துண்டில் சுற்றி, உங்களுடனேயே கேபினில் வைத்துக்கொள்ளுங்கள். உப்பியிருந்தாலோ தண்ணீர் உள்ளே புகுந்திருந்தாலோ அதை ஏற்றவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம். விற்றவரிடம் முதலில் பேசுங்கள்.

படி 4: வந்து சேர்ந்ததும் பேட்டரி ஆறிய பிறகு, அதற்குரிய சார்ஜரிலேயே போடுங்கள். 36 வோல்ட் லித்தியம் அயான் பேட்டரிக்கு 42 வோல்ட் தரும் சார்ஜர் வேண்டும். 48 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் 54.6 வோல்ட் தரும். இரண்டின் பிளக்கும் ஒரேமாதிரி இருக்கலாம் என்பதால் லேபிளைப் படித்துவிட்டே செருகுங்கள்.

பிற்சேர்க்கை: பேட்டரி சட்டத்துக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்தால் என்ன செய்வது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மின்இணைப்பை முழுவதும் அணைத்து, சார்ஜிங் துளையை மூடி, வெயிலும் மழையும் படாமல் தார்ப்பாய் போர்த்துங்கள். எங்கும் நீண்ட நேரம் வெயிலில் நிறுத்தாதீர்கள். விமானத்தில் கொண்டுசெல்ல முடியுமா என்று இன்னொருவர் கேட்டார். பயணிகள் தம்முடன் எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரிக்கு உச்ச வரம்பு 160 வாட்-மணி. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி, இரண்டையும் பெருக்கினால் 360 வாட்-மணி வருவதால், கைப்பையிலும் முடியாது, செக்-இன் பெட்டியிலும் முடியாது.