கைதான ஆளின் வழக்கு எங்கே நிற்கிறது? திருகோணமலையில் பதிவைத் தேடும் வழி

கைதானவர்களின் பெயரைத் தட்டிப் பார்க்கும் பொதுப் பட்டியல் இலங்கையில் இல்லை. பொலிஸ் நிலையத்துப் புத்தகங்கள் பொலிஸாரின் கையில்தான் இருக்கும். வெளியாளுக்கு அவற்றைத் திறந்து காட்டமாட்டார்கள், காட்டவும் கூடாது. பொதுமக்களுக்குத் திறந்திருப்பது நீதிமன்றம். அரசியலமைப்பின் 106 ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமானவை. பாலியல் குற்றம், குடும்ப விடயம் போன்ற சில வழக்குகளில் மட்டும் நீதவான் ஆட்களை வெளியே அனுப்பலாம். ஆகவே கைது எந்த நீதிமன்றத்துக்கு, எந்த இலக்கத்தில் போனது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பெயரை வைத்துக்கொண்டு அலைபவருக்கு மூன்று நாள் ஆகும் வேலை, இலக்கத்தோடு போகிறவருக்கு ஐந்து நிமிடத்தில் முடியும்.

பிடித்தது யார் என்று முதலில் கேளுங்கள். திருமலையில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். டைனமைட்டோடு அல்லது தடைசெய்யப்பட்ட வலையோடு கடலில் பிடிபட்டவரைப் பிடித்தது பெரும்பாலும் கடற்படை. அவரைத் துறைமுகப் பொலிஸிடமோ கடற்றொழில் திணைக்களத்திடமோ ஒப்படைப்பார்கள். கடற்றொழில் அதிகாரிகளிடம் போயிருந்தால் வழக்கைத் தாக்கல் செய்வதும் அவர்களே. அதன் பிறகு பொலிஸ் நிலையத்தில் எவ்வளவு கேட்டாலும் "அப்படி ஒரு ஆள் இங்கே இல்லையே" என்றுதான் பதில் வரும், அது பொய்யும் அல்ல. கசிப்பு, கள் வழக்கென்றால் மதுவரித் திணைக்களமாக இருக்கலாம். காட்டில் மரம், மிருகம் என்றால் வன, வனஜீவராசிகள் திணைக்களங்கள். இவர்களுக்கும் கைது செய்யும் அதிகாரம் உண்டு.

பிடித்தது பொலிஸ் என்றால் இடத்தைப் பொறுத்து நீதிமன்றம் மாறும். தலைமையகப் பொலிஸ், துறைமுகப் பொலிஸ், உப்புவெளி என்றால் திருகோணமலை நீதவான் நீதிமன்றம். மூதூர், சம்பூர்ப் பக்கம் என்றால் மூதூர். கந்தளாய்ப் பக்கம் என்றால் கந்தளாய். எல்லையோரப் பொலிஸ் நிலையமென்றால் ஊகிக்க வேண்டாம். "எந்தக் கோட்டுக்கு அனுப்புறீங்கள்?" என்று நிலையத்திலேயே கேட்டுவிடுங்கள். அதைச் சொல்ல மறுக்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

அடுத்தது நேரக் கணக்கு. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 36, 37 ஆம் பிரிவுகளின்படி, பிடியாணையின்றிக் கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பிடித்த இடத்திலிருந்து நீதவானிடம் வரும் பயண நேரம் இதில் சேராது. புல்மோட்டையில் பிடித்து நகருக்குக் கொண்டுவரும் நேரத்தை இந்தக் கணக்கில் கழிப்பார்கள். போதைப்பொருள் வழக்குகளில் நீதவானின் அனுமதியோடு 7 நாள் வரை பொலிஸ் காவலில் வைத்து விசாரிக்கலாம். ஆனால் அந்த அனுமதியை வாங்கவும் நீதவான் முன் போயே ஆக வேண்டும். எனவே அங்கும் நீதிமன்றத்தில் ஒரு பதிவு விழும்.

இங்கே வழமையாக ஒரு தடுமாற்றம் வரும். வெள்ளி இரவு அல்லது சனிக்கிழமை பிடிபட்டவரை நீதவானின் வாசஸ்தலத்திலோ பதில் நீதவானின் வீட்டிலோ முற்படுத்துவார்கள். திங்கட்கிழமை காலை நீதிமன்றத்துக்குப் போனால் அன்றைய வழக்குப் பட்டியலில் பெயர் இருக்காது. ஏனெனில் தவணை, அதாவது வழக்கை அடுத்து எடுக்கும் நாள், ஏற்கனவே வேறொரு நாளுக்குப் போடப்பட்டிருக்கும். "சனி, ஞாயிறில் முற்படுத்திய ஆள்" என்று பதிவாளர் அலுவலகத்தில் சொன்னால்தான் சரியான கட்டைப் புரட்டுவார்கள்.

பெயரை எழுதிக்கொண்டு போங்கள். சொல்லிக் கேட்பது போதாது. முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால் யாழினி "யாலினி" ஆகியிருப்பார், ஏனென்றால் சிங்களத்தில் ழகரம் இல்லை. தகப்பன் பெயர் முன்னால் வந்து ஆளின் பெயர் கடைசிக்குத் தள்ளப்பட்டிருக்கும். முதலெழுத்து மட்டும் எழுதப்பட்டிருக்கும். அடையாள அட்டை இலக்கம், முகவரி, கைதான திகதி, பொலிஸ் நிலையம் ஆகிய நான்கும் ஒரு துண்டில் இருந்தால் தேடுகிறவருக்கும் வேலை சுலபம்.

தேடிக் கிடைக்கும் முதல் இலக்கம் பெரும்பாலும் "பீ" என்று தொடங்கும். விசாரணை முடியாத நிலையில் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 115 ஆம் பிரிவின் கீழ் பொலிஸார் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கையே பீ அறிக்கை. அதில் எந்தப் பொலிஸ் நிலையம், முறைப்பாட்டாளர் யார், சந்தேகநபர் யார், எந்தச் சட்டப் பிரிவு, நடந்தது என்ன, கைப்பற்றிய சான்றுப்பொருள் எவை என்பன இருக்கும். கடைசியில் பொலிஸார் நீதிமன்றிடம் கேட்பது என்ன என்றும் இருக்கும். அந்தக் கடைசிப் பந்தியைக் கவனமாக வாசியுங்கள். "விளக்கமறியலில் வைக்கும்படி" என்று கேட்கிறார்களா, பிணைக்கு ஆட்சேபனை இல்லை என்கிறார்களா என்பது அதில்தான் தெரியும். ஆளை வெளியே எடுக்க ஓடுகிற குடும்பத்துக்கு அறிக்கையின் மற்றப் பக்கங்களைவிட அது முக்கியம்.

பிரிவு இலக்கங்கள் பயமுறுத்தும். தண்டனைச் சட்டக்கோவையில் 314 என்றால் சாதாரண காயம், 315 என்றால் ஆயுதத்தால் காயம், 316 கடுங்காயம், 367 திருட்டு, 486 குற்றமுறையான மிரட்டல், 296 கொலை. பக்கத்தில் 32 என்று ஓர் எண் ஒட்டியிருந்தால் அது தனிக் குற்றம் அல்ல. பலர் ஒரே நோக்கத்தோடு சேர்ந்து செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு அது. அறிக்கையில் இருக்கும் பிரிவு பொலிஸார் அன்றைக்குச் சந்தேகிக்கும் பிரிவுதான். 316 என்று தொடங்கிய வழக்கு மருத்துவ அறிக்கை வந்த பிறகு 314 ஆக இறங்குவதுண்டு. மருத்துவமனையில் ஆள் இறந்துவிட்டால் மேலே ஏறுவதும் உண்டு.

விசாரணை முடிந்து குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136 ஆம் பிரிவின் கீழ் குற்றச்சாட்டுத் தாக்கலானதும் வழக்குக்குப் புது இலக்கம் கொடுப்பார்கள். பழைய பீ இலக்கத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு அதன் பிறகு பதில் கிடைக்காது. பாரதூரமான வழக்கென்றால் சட்டமா அதிபரிடம் போய் மேல் நீதிமன்றத்தில் இன்னோர் இலக்கத்தோடு வரும். ஒவ்வொரு தவணையிலும் இலக்கம் மாறியதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விளக்கமறியலில் இருப்பவருக்குப் பொதுவாக 14 நாளுக்கொரு தவணை வரும். காலை 9 மணிக்கே போய் வழக்குப் பட்டியலைப் பார்த்துவிட்டு உள்ளே உட்காருங்கள். நீதவான் திறந்த மன்றில் சொல்லும் கட்டளையைக் கேட்க யாருக்கும் தடையில்லை.

வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதிக்கு வழக்கின் தரப்பினர் சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றுக்கு எழுத்தில் கொடுக்கும் கோரிக்கை) போட்டு, கட்டணம் கட்டி எடுக்கலாம். வழக்கோடு தொடர்பில்லாதவர் தமக்கு அது ஏன் தேவை என்று நீதிமன்றுக்குக் காரணம் காட்ட வேண்டும். வெறும் ஆர்வம் என்றால் கிடைக்காது. பாதிக்கப்பட்டவர் நிலை வேறு. 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் அவரைப் பாதுகாக்கிறது. வழக்கு எங்கே நிற்கிறது, எதிராளி பிணையில் வந்துவிட்டாரா என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டிய விடயங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர் திருகோணமலையில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம்.

பொலிஸிடம் எழுத்தில் தகவல் கேட்க 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "உங்கள் நிலையத்தில் பிடிபட்ட எல்லோருடைய பெயரும் வேண்டும்" என்று கேட்டால் அந்தரங்கம் என்று 5 ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். மறுப்பது நியாயமும்கூட. பெயரை விட்டுவிட்டு இப்படிக் கேளுங்கள்: "2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை உங்கள் பொலிஸ் நிலையத்தில் கைதானோர் எத்தனை பேர்? எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ்? அவர்களில் நீதவான் முன் நிறுத்தப்பட்டோர் எத்தனை பேர்?" ஒரு கடிதத்தில் ஒரு காலப்பகுதி, ஒரு நிலையம், மூன்று கேள்வி. அதற்கு மேல் போனால் இழுத்தடிக்க இடம் கொடுத்தவர்களாவீர்கள்.

கடிதத்தைத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். அவருடைய விபரம் அலுவலகத்தில் பார்வைக்கு ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்று 26 ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் வெளியே வரவேண்டாம். 14 வேலை நாளுக்குள் தீர்மானம் வர வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. ஒருவரின் உயிர், ஆட்சுதந்திரம் பற்றிய கோரிக்கையென்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். மகனைக் கொண்டுபோன இடம் தெரியாத தாய் கேட்பது அந்த வகைக் கோரிக்கை. கடிதத்தின் முதல் வரியிலேயே "25(3) ஆம் பிரிவின் கீழ்" என்று எழுதுங்கள். பதில் சிங்களத்தில் வந்தால் வடக்கு, கிழக்கில் பொதுப் பதிவேடுகளின் மொழி தமிழ் என்ற அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையைக் காட்டித் தமிழில் கேட்கலாம்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான கைதுக்கு மேலே சொன்ன 24 மணித்தியாலக் கணக்கு பொருந்தாது. அமைச்சரின் தடுப்புக் கட்டளையில் மூன்று மாதம் மூன்று மாதமாக வைத்திருக்கலாம். பிடித்தவர்கள் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் ஆட்கொணர்வு மனுவை மாகாண மேல் நீதிமன்றத்திலும் போடலாம், அதற்காகக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதற்குக் காலம் ஒரு மாதம் மட்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

பதிவில் "விடுவிப்பு" என்ற சொல்லைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். "பிணையில் விடுவிப்பு" என்றால் வழக்கு உயிரோடு இருக்கிறது. மத்தியஸ்த சபைக்கு அனுப்பியிருந்தால் அடிதடி இணக்கத்தில் முடிந்திருக்கலாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306 ஆம் பிரிவின் கீழ் முடிந்திருந்தால், குற்றத் தீர்ப்பே எழுதாமல் விட்டிருக்கவும் கூடும். சந்தேகநபர் என்ற சொல் இருக்கும்வரை அவர் குற்றவாளி அல்ல. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின் கீழ் குற்றம். பேஸ்புக்கில் போடுவதும் வெளியிடுவதுதான்.

சொந்த வழக்கு முடிந்தவர் இறுதிக் கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதி இரண்டை எடுத்து வையுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கும்போது, விசாரிப்பவர்கள் பார்க்கும் பதிவில் கைது எழுதப்பட்டு முடிவு எழுதப்படாமல் கிடந்தால், காட்டுவதற்கு உங்கள் கையில் இருக்கப்போவது அந்தத் தாள்தான்.