ஜெர்மனியில் மோசல் ஆற்றோரம் சைக்கிளில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் வந்தால் போதும், யாராவது ஒருவர் "மோசல் ஓரமா நாலு நாள் சைக்கிள்ல போறோம்" என்று வந்து நிற்பார். பஞ்சர் சாமான், மழைச்சட்டை எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் கேட்காமல் விடுவதை மட்டும் சொல்கிறேன்.

திரும்பும் ரயில்

தங்கும் அறைக்கு மாதக்கணக்கில் அலசுகிறவர்கள், திரும்பும் வண்டியை மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

ஐசி, ஐசிஇ என்ற நெடுந்தூர வண்டிகளில் சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம். எல்லா ஐசிஇயிலும் ஏற்றவும் முடியாது. ஐசிஇ 4 வகையிலேயே 8 சைக்கிளுக்குத்தான் இடம். உள்ளூர் ரயிலில் முந்தியவருக்கு இடம், அதிலும் சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும்தான் முதலுரிமை. டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுவதும் உள்ளூர் ரயிலில் போகிற மாதச் சீட்டு) ஆளுக்கு மட்டும். சைக்கிள் அதில் சேராது.

ஏசுவின் விண்ணேற்றத் திருநாள் அரசு விடுமுறை, வியாழக்கிழமை வரும். வெள்ளிக்கு ஒரு நாள் லீவு போட்டால் நாலு நாள் கிடைக்கும். ஊரே அப்படித்தான் கணக்குப் போடும். அந்த ஞாயிறு மாலை நம்மவர்கள் நாலு பேர் பிளாட்பாரத்தில் நின்றார்கள். லிஃப்டில் ஒரு சைக்கிள்தான், அதுவும் ஹேண்டிலைத் திருப்பினால்தான் நுழையும். வண்டி வந்து கதவு திறந்த பிறகுதான் பக்கப் பைகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். உள்ளே ஏற்கெனவே சைக்கிள்மேல் சைக்கிள். இரண்டு பேர் ஏறினார்கள், இரண்டு பேர் வெளியே. நாலு பேர் டிக்கெட்டும் ஏறியவரின் போனில்! வெளியே நின்றவர்களுக்கு ஒரு ராத்திரி ஹோட்டல் செலவு, திங்கள் லீவு.

சனிக்கிழமை காலையிலோ வாரநாள் மதியமோ திரும்புங்கள். முடிந்தால் வண்டி புறப்படுகிற நிலையத்திலேயே ஏறுங்கள். பைகளை முன்பே கழற்றிவிடுங்கள். இதைவிட நல்லது, முதல் நாளே ரயிலில் தூரத்து ஊருக்குப் போய், அங்கிருந்து வீட்டை நோக்கி மிதிப்பது.

ஆற்றோடு போனால் இறக்கம் என்ற நினைப்பு

மோசல் ஓரம் ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மொத்த இறக்கம் 100 மீட்டர்கூட இல்லை, காலுக்குத் தெரியாது. காற்றுதான் தெரியும். எல்பே ஆற்றோரம் ட்ரெஸ்டனிலிருந்து ஹாம்பர்க் போகிறவர்கள் ஆற்றோடுதான் போகிறார்கள். ஆனாலும் பல நாள் வடமேற்குக் காற்று முகத்திலேயே அடிக்கும்.

நேர்கோட்டுக் கணக்கு

மோசல் ஓர ஊர்களான எல்லருக்கும் கோஹெமுக்கும் நடுவே ரயில் 4.2 கிலோமீட்டர் சுரங்கத்தில் சில நிமிடத்தில் போய்விடும். ஆற்றோரம் வளைந்து போனால் 20 கிலோமீட்டரைத் தொடும்.

ஞாயிற்றுக்கிழமை கடை

மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்குங்கள்.

ரைன் ஆற்றுப் பக்கம் போனால்

கோப்லென்ஸுக்கும் மைன்ஸுக்கும் இடையே ஆற்றின் மேல் பாலம் கிடையாது. அறை எதிர்க்கரையில் இருந்தால், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பாருங்கள். கையில் சில்லறையும் இருக்கட்டும்.