ஒரு கல் அகலத்தில் ஒரு போர்வை

எங்கள் வீட்டுக் கூடத்தில் பாவியிருக்கும் ஆத்தங்குடிக் கல் 8 அங்குலச் சதுரம். விஜயதசமி ராத்திரி மரப்பாச்சியைப் படுக்கவைக்கும்போது போர்த்துவதற்கு ஒரு போர்வை வேண்டும் என்று பேத்தி கேட்டாள். "எம்புட்டுப் பெருசுடி?" என்றேன். குதிகாலால் ஒரு கல்லைத் தட்டி, "இம்புட்டு, அப்பத்தா" என்றாள். அதுதான் அளவு. இதுவரை பதினாலு தைத்திருக்கிறேன். முதல் மூன்றையும் பீரோவுக்கு அடியில் போட்டுவைத்திருக்கிறேன், யாருக்கும் காட்டுவதில்லை.

காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் முப்பது வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். அதனால் துண்டுத்துணிக்குப் பஞ்சமில்லை. (மிச்சத் துணியை ஆச்சிமார் கேட்டால் கொடுத்துவிடுவேன். கேட்காதவர்கள் துணிதான் என் மூட்டையில் சேரும்.) ரவிக்கை தைக்கிற கைக்கு ஒட்டுத்துணிப் போர்வை எம்மாத்திரம் என்றுதான் இறங்கினேன். ரவிக்கையில் கால் அங்குலம் பிசகினால் பக்கத் தையலைப் பிரித்து விட்டுக்கொடுக்கலாம். இதில் அந்தச் சலுகை கிடையாது.

என் அப்பா மர ஆசாரி. அவருக்கு அங்குலத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் 'நூல்'. ஒரு அங்குலத்தில் 8 நூல். தைக்கிற நூல் வேறு, இந்த நூல் வேறு. "ஒரு நூல் பிசகினா கதவு சாத்தாது" என்பார். குட்டிப் போர்வைக்கு இதைவிடத் தோதான அளவு எனக்குக் கிடைக்கவில்லை, டேப்பிலும் அந்தக் கோடுகள் இருக்கின்றன. தையலுக்கு விடுகிற ஓரம் கால் அங்குலம், அதாவது 2 நூல். அதில் அரை நூல் கூடுதலாகப் பிடித்துத் தைத்தால், இரண்டு துணியிலும் சேர்த்து ஒரு தையலுக்கு 1 நூல் போச்சு. ஒரு வரிசையில் ஐந்து கட்டம், நாலு தையல், ஆக அரை அங்குலம் காணாமல் போகும். பெரிய போர்வையில் அரை அங்குலத்தை யாரும் தேடமாட்டார்கள். 5 அங்குல வரிசையில் அது பல்லிளிக்கும்.

துணிக்கு வருகிறேன். வெளிர் நிறத்துக்கு ரவிக்கைத் துணியான டூ பை டூ நன்றாக இருக்கும், மெல்லிசு, மடிப்பு நிற்கும். கருத்த நிறத்துக்கு மாமியாரின் கண்டாங்கியை எடுத்தேன். "2019-ல புவிசார் குறியீடு வாங்கின சேலையைப் போயி கத்தரிக்கிறியேம்மா" என்று மகள் சண்டைக்கு வந்தாள். முந்தானை கிழிந்து பத்து வருஷம் மடித்துவைத்திருந்த சேலை அது. பழசாக இருப்பதுதான் இங்கே நல்லது. புதுக் கண்டாங்கி முரடு, குட்டிச் சதுரத்துக்கு வளையாது. துவைத்துத் துவைத்து நைந்த துணி சொன்னபடி கேட்கும். பட்டு, சிந்தெடிக் எதுவும் வேண்டாம், வழுக்கும்.

வெட்டுவதற்கு முன்னால் சாயத்தைப் பாருங்கள். அரக்குக் கரையை நம்பி ஏமாந்தவள் சொல்கிறேன். என் இரண்டாவது போர்வை முதல் அலசலிலேயே வெள்ளைக் கட்டமெல்லாம் ரோஸ் மில்க் நிறமாகிவிட்டது. துண்டை நனைத்து, பழைய வேட்டித் துண்டில் வைத்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்துங்கள். வேட்டியில் நிறம் இறங்கினால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். எனக்கு ஒருமுறையும் நின்றதில்லை.

அடுத்தது கஞ்சி. துணியைத் திட்டமாகக் கஞ்சி போட்டு, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு எடுத்தால் காகிதம் மாதிரி நிற்கும். குறியிட டெய்லர் சாக் உதவாது, அதன் கோடே அரை நூல் தடிமன். கூராகச் சீவிய பென்சில் வேண்டும். கண்டாங்கியில் கட்டம் இருக்கிறதே, அதையே பிடித்து வெட்டலாம் என்று தோன்றும். பழஞ்சேலையில் கட்டம் கோணியிருக்கும். ஓரத்தில் ஒரு இழையை மெல்ல உருவுங்கள், அது விட்டுப்போகிற தடம்தான் நேர்கோடு. அதற்கு அளவுகோலை வைத்துத்தான் மற்ற கோடுகள்.

இனி வெட்டு. சதுரம் சதுரமாக வெட்டித் தைக்காதீர்கள், பைத்தியம் பிடிக்கும். ஒன்றரை அங்குலம், அதாவது 12 நூல் அகலத்தில் பட்டை வெட்டுங்கள். 6 அங்குல நீளத்தில் கருப்பு மூன்று, வெளிர் இரண்டு. கருப்பில் தொடங்கி கருப்பில் முடிகிற மாதிரி மாற்றி மாற்றி ஐந்தையும் சேர்த்துத் தைக்க வேண்டும். 4 அங்குல நீளத்தில் வெளிர் மூன்று, கருப்பு இரண்டு. இது வெளிரில் தொடங்கி வெளிரில் முடியும். மெஷினில் மெல்லிய ஊசி போட்டு, அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் விழுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஊசியிலிருந்து சரியாக 2 நூல் தள்ளி, தகட்டின்மேல் நாலைந்து மடிப்பாகப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் துணி அந்தச் சுவரை உரசிக்கொண்டே போகும். துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட்டின் ஓரத்தை நம்பவேண்டாம், மெஷினுக்கு மெஷின் மாறும்.

இஸ்திரி போடும்போது பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுங்கள். இழுத்தால் பட்டை வில்லாக வளையும். தையல் ஓரங்களையெல்லாம் கருப்புத் துணிப் பக்கமாகச் சாய்த்துவிடுங்கள். இப்போது அகலத்தை அளந்து பாருங்கள், 44 நூல் இருக்க வேண்டும். 42 இருந்தால் பிரித்துவிடுங்கள், மனசு வராது, ஆனாலும் பிரியுங்கள். 44 வந்தால், பட்டைகளுக்குக் குறுக்காக 12 நூலுக்கு ஒன்றாக வெட்ட வேண்டும். நீளத் துண்டில் மூன்று, குட்டைத் துண்டில் இரண்டு. இந்த ஐந்து வரிசையையும் மாற்றி மாற்றி அடுக்கினால் இருபத்தைந்து கட்டம் வந்துவிடும்.

வரிசைகளைச் சேர்க்கும்போதுதான் கருப்புப் பக்கம் சாய்த்ததன் பலன் தெரியும். ஒரு வரிசையின் ஓரம் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் எதிர் வரிசையின் ஓரம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டு விரலால் தடவினால் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்வது கைக்குத் தெரியும். அப்பா சட்டத்தைச் சட்டத்தில் இறக்கிப் பூட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். துணியில் அந்தச் சத்தம் வராது, விரலுக்கு மட்டும் தெரியும். பூட்டின இடத்தில் ஒரு குண்டூசி. தைத்த பிறகு டூ பை டூ ஓரங்களை 1 நூலாகக் குறைத்து வெட்டலாம், தடிமன் குறையும். கண்டாங்கி ஓரத்தைத் தொடாதீர்கள், பிசிறிவிடும்.

சுற்றுக்கரைக்கு 2 அங்குல அகலப் பட்டை. ஐந்தரை அங்குல நீளத்தில் இரண்டு பக்கவாட்டில், எட்டரை அங்குல நீளத்தில் இரண்டு மேலும் கீழும். மொத்தம் எட்டரை அங்குலச் சதுரமாக நிற்கும், ஓரம் உள்ளே போனால் 8. கல்லுக்குச் சரி.

நடுவில் வைக்கப் பஞ்சு வாங்காதீர்கள். பஞ்சு வைத்தால் அது போர்வையாக இருக்காது, தலையணையாகிவிடும், மரப்பாச்சியின்மேல் விறைத்துக்கொண்டு நிற்கும். பழைய வேட்டி ஒரே மடிப்பு போதும்.

ஆத்தங்குடிக் கல் கவிழ்ந்துதான் பிறக்கும். கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்துச் சாயச் சிமெண்டை ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமெண்டும் போட்டு மூடுவார்கள். பூ போட்ட முகம் கண்ணாடியைப் பார்த்தபடி கீழே இருக்கும், பளபளப்பும் அந்தக் கண்ணாடி கொடுத்ததுதான். இதுவும் அப்படித்தான். அடியில் வேட்டி, அதன்மேல் அடித்துணி (போர்வைக்குப் பின்பக்கமாக வருகிற துணி) நல்ல பக்கம் மேலே பார்க்க, அதன்மேல் கட்டத்துணி நல்ல பக்கம் கவிழ. சுற்றிலும் 2 நூல் விட்டுத் தையுங்கள், ஒரு பக்கம் இரண்டரை அங்குலம் திறந்திருக்கட்டும். மூலைகளைத் தையலை ஒட்டிச் சாய்வாக வெட்டிவிட்டு, திறப்பு வழியாகத் திருப்புங்கள். மூலையைக் குத்தித் தள்ள விசிறிக் காம்பு மாதிரி மழுங்கிய குச்சி போதும். நான் கத்தரிக்கோல் முனையால் தள்ளி ஓட்டை போட்டதுதான் மூன்றாவது போர்வை. திறப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் கைத்தையலில் மூடிவிடுங்கள்.

கடைசியாக ஓட்டுத்தையல், அதாவது ஊசியை மேலும் கீழுமாக ஓட்டி எல்லாத் துணியையும் சேர்த்துப் பிடிக்கிற கைத்தையல். ஒற்றை இழை, சின்ன ஊசி, நடுக்கட்டத்தில் தொடங்கி வெளியே போக வேண்டும், அப்போதுதான் துணி நடுவில் உப்பாது. முடிச்சை வெளியே விடாமல் சுண்டி இழுத்தால் உள்ளே போய் மறைந்துகொள்ளும். நூலுக்கு ஒரு தையல் வந்தால் அழகு. எனக்கு இன்னும் ஒவ்வொரு இடத்தில் ஒன்றரை நூல் ஆகிறது.

அளவெல்லாம் ஒத்துவராது என்கிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. வட கர்நாடகத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். அளந்து வெட்டுவதில்லை. பழந்துணியின் ஓரத்தை மடித்து, அடித்துணிமேல் வைத்து, வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போவார்கள். நாலு மூலையிலும் மடித்த முக்கோணத் துணிப்பூ இருக்கும். நான் சொன்ன முறைக்கு நேர் எதிர், ஆனால் அதுவும் நிற்கிறது. பேத்தி அந்த முறையில்தான் பழகுகிறாள்.

மூட்டையில் இன்னும் பொடித்துண்டு மிஞ்சினால் டம்ளர் வைக்கிற மெத்தை தைக்கலாம். அதற்குக் கல்யாணப் பத்திரிகை வேண்டும், நம் ஊரில் அதற்கு என்ன குறை. காம்பஸை 6 நூல் திறந்து பத்திரிகை அட்டையில் ஒரு வட்டம் போடுங்கள். அதே திறப்பில் வட்டத்தைச் சுற்றிக் குறித்துக்கொண்டே வந்தால் ஆறு புள்ளி விழும், சேர்த்தால் அறுகோணம். அப்படி ஏழு வெட்டுங்கள். ஒவ்வொன்றின்மேலும் துணியை 2 நூல் அதிகமாக விட்டு வெட்டி, ஓரத்தை அட்டைக்குப் பின்னால் மடித்து, தற்காலிகத் தையல் போடுங்கள். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. நல்ல பக்கங்களை முகத்துக்கு முகம் வைத்து விளிம்போடு விளிம்பாக நெருக்கிச் சுற்றித் தைத்தால் கிட்டத்தட்ட 4 அங்குலத்தில் ஒரு பூ. அட்டையைத் துளைக்காமல் துணியை மட்டும் பிடிக்க வேண்டும். எல்லாப் பக்கமும் சேர்ந்த பிறகு தற்காலிகத் தையலைப் பிரித்து, அட்டையை ஒவ்வொன்றாக உருவுங்கள். போன வாரம் உருவியதில் ஒன்றில் 'செல்வி' என்று பாதி இருந்தது, மற்றொன்றில் 'மாலை 6 மணிக்கு மேல்'.