டர்பன் திடலிலிருந்து தொழில்முறை நடுக்களத்துக்கு: பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

1928இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர இந்தியர்களிடையே தோன்றிய மேனிங் ரேஞ்சர்ஸ் கால்பந்துக் கழகம், உயர்மட்ட லீக்கான பிரிமியர் சாக்கர் லீக்கின் முதல் பருவமான 1996-97இல், கார்டன் இகசுண்டின் பயிற்சியில் நாட்டின் பட்டத்தையே வென்றது. அந்த வெற்றியைக் கண்ணால் பார்த்தவர்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். எனினும், நடுக்களத்தில் நன்றாக ஆடும் ஒரு பிள்ளை தொழில்முறைக் கழகத்தை அடைவது எப்படி என்று கேட்டால், நம் வீடுகளில் தெளிவான விடை கிடைப்பதில்லை. 10 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

நடுக்களம் என்பது ஒரே வேலை அன்று. தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் நின்று எதிரணியின் தாக்குதலை உடைப்பவர் 6ஆம் எண்காரர். இரு கோல் பகுதிகளுக்கும் இடையே ஓடி ஆட்டத்தை இணைப்பவர் 8. முன்களத்துக்குப் பின்னால் நின்று கோல் வாய்ப்பை உருவாக்குபவர் 10. நம் நாட்டிலேயே இவற்றுக்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள் உண்டு. முன்னாள் தேசிய அணி ஆட்டக்காரர் டாக்டர் குமாலோவின் (டாக்டர் என்பது பெயரே) பழைய ஆட்டங்களில் 10ஆம் எண்ணின் நிதானத்தைக் காணலாம். டெபோஹோ மொகோயெனாவின் ஆட்டத்தில் தடுப்பதும் தூரத்திலிருந்து உதைப்பதும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதைக் காணலாம். 14 வயதுக்கு முன் ஒரு பிள்ளையை இவற்றுள் ஒன்றில் மட்டும் நிறுத்திவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மூன்றையும் ஆடிப் பார்த்தவனுக்கே, பக்கத்தில் ஆடுபவனின் தேவை புரியும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானதற்கு வருகிறேன். ஓரத்தில் ஆடுபவருக்கு ஒரு பக்கம் எல்லைக்கோடு காவலாக இருக்கிறது. நடுக்கள ஆட்டக்காரரையோ எதிராளிகள் எல்லாத் திசைகளிலிருந்தும் நெருங்குகிறார்கள். பந்து காலுக்கு வந்த பிறகு தலையை நிமிர்த்திப் பார்ப்பவருக்கு, அதற்குள் நேரம் போய்விட்டிருக்கும். ஆகவே பந்து வருவதற்கு முன்பே இரு தோள்களுக்கும் மேலாகத் திரும்பிப் பார்த்து, எங்கே இடம் இருக்கிறது, யார் நெருங்கி வருகிறார் என்பதை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அடிக்கடி இவ்வாறு பார்ப்பவர்களே முன்னோக்கிய பாஸ்களைக் கூடுதலாக வெற்றியுடன் கொடுக்கிறார்கள் என்பதை, நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் ஆட்டக்காரர்களின் தலை அசைவுகளைப் படம்பிடித்து ஆராய்ந்து காட்டியிருக்கிறார்.

இதை வீட்டு முற்றத்திலேயே பழகலாம். ஒருவர் எதிரே நின்று பந்தை உதைக்க, மற்றொருவர் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்ட வேண்டும்; பந்து வந்து சேர்வதற்குள் பிள்ளை திரும்பிப் பார்த்து, எத்தனை விரல்கள் என்று உரக்கச் சொல்ல வேண்டும். தங்கையோ ஆயாவோ விரல் காட்டினாலும் போதும். இது பழகியபின், பந்தை வாங்கும்போது உடலைப் பாதி திருப்பி நிறுத்தி, பந்து வரும் திசைக்கு அப்பால் உள்ள காலால் வாங்கக் கற்பியுங்கள். அப்படி வாங்கினால் முதல் தொடுதலிலேயே முன்னோக்கித் திரும்பிவிடலாம். பிறகு சுவரில் உதைத்து வாங்கும் பயிற்சி, நாள்தோறும் 15 நிமிடம், பாதி நேரம் பழக்கமில்லாத காலால். வேகமான பிள்ளைகளைக் காட்டிலும், இவற்றை இரண்டு ஆண்டுகள் விடாமல் செய்த மெதுவான பிள்ளைகள் 16 வயதில் நடுக்களத்தில் மேலோங்கியதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

உடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொழில்முறை நடுக்கள ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். அந்த ஓட்டம் பாய்வதும் நிற்பதும் திரும்புவதுமாக மாறிக்கொண்டே இருக்கும். அதனால் சாலையில் ஒரே சீராக ஓடுவது மட்டும் போதாது. சிறிய திடலில் நால்வருக்கு நால்வர் ஆடுவது இதற்கு நல்ல பயிற்சி. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் 11+ என்னும், ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடாக்கும் 20 நிமிடப் பயிற்சியை வாரத்துக்கு இருமுறையாவது செய்தால் காயங்கள் கணிசமாகக் குறைகின்றன. புரட்டாசி விரதம் நம் வீடுகளில் பருவத்தின் தொடக்க மாதங்களில் வருவதால் சில பயிற்சியாளர்கள் கவலைப்படுகிறார்கள். பருப்பு, பீன்ஸ், கொண்டைக்கடலை, பால், தயிர் ஆகியவற்றைப் போதிய அளவு கொடுத்தால் அந்த மாதத்தில் ஆட்டம் தளர வேண்டியதில்லை. விரதத்தைப் பற்றிப் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தொழில்முறை ஆட்டத்துக்கு ஒரே ஒரு வாசல் என்று நினைக்க வேண்டாம். உயர்மட்ட லீக்கில் 16 கழகங்களே உள்ளன. டர்பனின் அமாசுலுவும் கோல்டன் ஆரோஸும் அங்கே நெடுங்காலம் ஆடி வந்தவை. 2014இல் தொடங்கிய டிஸ்கி சேலஞ்ச், கழகங்களின் இளையோர் அணிகள் மோதும் போட்டி. முதல் அணிக்குப் போகும் பாதை பலருக்கும் அதன் வழியாகவே அமைகிறது. ஸ்டீவன் பியனார் ஜோஹன்னஸ்பர்கிலுள்ள ஸ்கூல் ஆஃப் எக்ஸலன்ஸ் என்னும் கால்பந்துப் பள்ளியில் படித்து, அயாக்ஸ் கேப் டவுன் கழகத்தில் ஆடி, 2001இல் தம் 18ஆம் வயதில் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கழகத்துக்குச் சென்றார். ககிஷோ டிக்காகோய் 20 வயதைக் கடந்தபின் கோல்டன் ஆரோஸுக்கு வந்து, 2009இல் அங்கிருந்தே இங்கிலாந்தின் ஃபுல்ஹாமுக்குச் சென்றார். 17 வயதில் எவரும் அழைக்கவில்லை என்பதற்காகப் பிள்ளையின் கனவு முடிந்துவிட்டதாக எண்ணாதீர்கள். அதேபோல், அழைப்பு வந்துவிட்டது என்பதற்காக மெட்ரிக் (பள்ளி இறுதி) படிப்பை நிறுத்திவிடவும் வேண்டாம்.

பெற்றோர் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டியது பணமும் தாளும் வரும் இடத்தில்தான். என்னிடம் பயின்ற 15 வயதுப் பையன் ஒருவனுக்கு ஐரோப்பியக் கழகம் ஒன்றில் ஆடிக்காட்டும் தேர்வுக்கு வாய்ப்பு வாங்கித் தருவதாக ஒருவர் வந்தார். குடும்பம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்தது. அதன்பின் அவருடைய தொலைபேசி ஒலிக்கவே இல்லை. அந்தத் தாயின் முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. 18 வயது நிறையாத ஆட்டக்காரரை நாடுவிட்டு நாடு மாற்றுவதை, பெற்றோர் கால்பந்து சாராத காரணத்துக்காகக் குடிபெயர்வது போன்ற சில விலக்குகள் நீங்கலாக, ஃபிஃபா தடை செய்திருக்கிறது என்பதை அவர்கள் அன்று அறிந்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டார்கள். முகவர் என்று வருபவரிடம் ஃபிஃபா உரிமம் கேளுங்கள். பிள்ளை 18 வயதுக்குக் குறைந்தவனாயின், பெற்றோரின் எழுத்துமூலமான சம்மதமும் அந்த முகவருக்குத் தேவை.

18 வயதுக்குக் குறைந்தவரோடு கழகம் செய்யும் ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது; மற்றவர்களுக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுகள். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதங்களில் வேறு கழகத்தோடு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ள ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. கையெழுத்திடும் முன், முழங்கால் காயத்துக்கான மருத்துவச் செலவை யார் ஏற்பார், சிகிச்சைக் காலத்தில் ஊதியம் தொடருமா, படிப்புக்கு நேரம் உண்டா ஆகியவை தாளில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். ஆட்டக்காரர்களுக்குத் தென்னாப்பிரிக்காவில் தனித் தொழிற்சங்கமும் இருக்கிறது.

நம் சிறிய கழகங்களுக்கும் ஒரு சொல். ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலத்துக்குள் வேறு நாட்டுக் கழகத்துக்கு விலைக்கு மாறும்போது, அந்தத் தொகையில் 5 விழுக்காடு, 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். பதிவு ஏடு ஒழுங்காக இல்லாத கழகம் தன் பங்கை நிறுவ முடியாமல் தவிக்கும். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பருவந்தோறும் தென்னாப்பிரிக்கக் கால்பந்துச் சங்கமான சாஃபாவில் பதிந்து வையுங்கள். ஒரே ஒரு பிள்ளையால் வரும் தொகையில் ஒரு தலைமுறைக்கே காலணி வாங்கலாம்.

ஆடும் காலம் பெரும்பாலோருக்கு 35 வயதுக்குள் முடிந்துவிடும். ஆட்டம் முழுவதையும் பார்த்துப் பழகியவர்கள் என்பதால், நடுக்களத்தவர் பலர் பின்னாளில் பயிற்சியாளர்களாகிறார்கள். 1996இல் ஆப்பிரிக்கக் கோப்பை வென்ற நம் அணியின் நடுக்களத்தில் ஆடிய எரிக் டிங்க்லர், 2015இல் ஆர்லாண்டோ பைரட்ஸ் கழகத்தை ஆப்பிரிக்கக் கழகங்களுக்கான கான்ஃபெடரேஷன் கோப்பையின் இறுதியாட்டம் வரை பயிற்சியாளராக அழைத்துச் சென்றார். அதற்கான முதல் படி சாஃபாவின் டி உரிமம்; அதன்பின் ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் சி, பி, ஏ உரிமங்கள். 28 வயதை எட்டிய ஆட்டக்காரர், பருவ விடுமுறையான ஜூன் மாதத்தில் அந்த முதல் வகுப்பில் சேர்ந்துவிடலாம்.