கண்புரை ஆபரேஷன்: சொட்டு மருந்தில் செய்யக் கூடாத தவறுகள்

ஆபரேஷனுக்கு மறுநாள் கட்டைப் பிரித்ததுமே அப்பா சுவர்க் காலண்டரில் ராகுகாலம் வரை படித்துவிட்டார். பத்தாம் நாள், "நல்லாத்தான் தெரியுதே, இனி மருந்து எதுக்கு?" என்று பாட்டிலை ஓரங்கட்டினார். மூன்றே நாளில் கண் சிவந்து, ட்யூப் லைட் வெளிச்சமே கூசியது.

பார்வை தெளிவது புது லென்ஸால். உள்ளே பட்ட காயத்தின் அழற்சி அடங்க 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதனால்தான் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு சொட்டை முதலில் அடிக்கடி, பிறகு வாரா வாரம் குறைத்து ஊற்றச் சொல்கிறார்கள். எத்தனை முறை என்பது உங்கள் சீட்டில் இருப்பதுதான். பக்கத்துப் படுக்கைக்காரரின் கணக்கு உங்களுக்கு ஆகாது.

கூடவே நெபாஃபினாக் அல்லது கீட்டோரோலாக் தந்திருந்தால், "இதுவும் வீக்கத்துக்குத்தானே" என்று விட்டுவிடாதீர்கள். அது ஸ்டீராய்டு அல்லாத வேறு வகை. ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் போல ஆனபின் விழித்திரையின் நடுவில் நீர் கோத்துப் பார்வை மங்குவதுண்டு, சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகமாக. அதைத் தடுக்கத்தான் இது.

ஊற்றுவதிலும் கோளாறு நடக்கும். பிரெட்னிசோலோன் அசிடேட் பால் போலக் கலங்கலான மருந்து, அடியில் படிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் மருந்து சரியான அளவில் இறங்காது. ஒரு சொட்டே கண் கொள்ளாது, இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் பொறுங்கள், இல்லையென்றால் முந்தையதை அது கழுவிவிடும். பாட்டில் முனை இமையில் படவே கூடாது.

மருந்தைப் பாதியில் நிறுத்துவதற்கு நேர்மாறான தவறுதான் எனக்கு அதிகப் பயம். தீர்ந்த பாட்டிலைக் கடையில் காட்டி, மாதக்கணக்கில் வாங்கி ஊற்றுகிறார்கள். ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும். வலியே தெரியாமல் பார்வை நரம்பு கெடும். மிச்சத்தைப் பேரனின் சிவந்த கண்ணுக்கு ஊற்றுவது அதைவிட மோசம், கிருமித் தொற்றாக இருந்தால் முற்றிவிடும். சொன்ன நாள் முடிந்ததும் மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள்.

அப்புறம் ஒன்று. வலி கூடினாலோ, கண் மேலும் சிவந்தாலோ, தெரிந்த பார்வை மங்கினாலோ, நீங்களாகச் சொட்டைக் கூட்டிப் பார்க்க வேண்டாம். அன்றே, ஞாயிற்றுக்கிழமையானாலும், கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.