பிக்கப்பில் பியூஸ் போனால், சிவப்பு லைட் எரிந்தால்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்குப் போய்வருகிற வண்டி என்னுடையது. பன்னிரண்டு வருஷமாக நானேதான் ஓட்டுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த எலக்ட்ரீஷியன் வீட்டுக் கதவைத் தட்டுவது? அதனால் கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். வண்டி வாங்கிய ரெண்டாம் வருஷம், பின்னால் பார்க்கிங் லைட் பியூஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் கையில் ஸ்பேர் இல்லை. டீக்கடையில் கிடந்த சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைப் போன பியூஸில் சுற்றிச் சொருகினேன். லைட் எரிந்தது. பெரிய வித்தைக்காரன் மாதிரி கிளம்பினேன். உடுமலை தாண்டியதும் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு ஒயர் முழுக்க உருகி, பக்கத்து ஒயர்களோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மொத்த ஒயரிங்கையும் மாற்றியதில் ஒரு வார வாடகை போயிற்று.

பியூஸ் போவது ரிப்பேர் இல்லை. எங்கோ ரிப்பேர் இருக்கிறது, ஒயர் எரிவதற்குள் நான் எரிந்துவிட்டேன் என்று அது சொல்கிறது, அவ்வளவுதான். அதனால் போன பியூஸில் என்ன எண் இருந்ததோ அதே எண்தான் திரும்பப் போக வேண்டும். தட்டைப் பியூஸ்களில் நிறமே அடையாளம்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. சிவப்பு நிற்கவில்லை என்று மஞ்சளைச் சொருகினால், வெள்ளித்தாள் வேலைக்கு அது தம்பி.

கணக்கும் எளிதுதான். வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 60 வாட்ஸ் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், ரெண்டும் சேர்ந்து 10. வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட்ஸ் பல்பு ரெண்டு போட்டால் 16 தாண்டிவிடும். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே 15 ஆம்பியர் பியூஸ் இருந்தால் அது எப்படித் தாங்கும்? தனி ரிலே (சின்ன கரண்டில் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்), தடித்த ஒயர் போடாமல் அந்தப் பல்பைத் தொடாதீர்கள்.

பெரும்பாலான பிக்கப்களில் பியூஸ் பாக்ஸ் ரெண்டு இருக்கும். ஒன்று டேஷ்போர்டுக்கு அடியில், இன்னொன்று பானெட்டுக்குள் பேட்டரி பக்கத்தில். எது எதற்கு என்று மூடியின் உள்பக்கம் படம் போட்டிருக்கும். இப்போதே அதைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், மழையில் அந்தப் பொடி எழுத்து தெரியாது. பானெட்டுக்குள் நட்டு போட்டு முறுக்கிய பெரிய பியூஸ் போயிருந்தால் நாம் கை வைக்க வேண்டாம், எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

ஒவ்வொரு பியூஸையும் பிடுங்கிப் பார்க்கவும் தேவையில்லை. அதன் தலையில் ரெண்டு சின்னப் புள்ளியாக உலோகம் தெரியும். டெஸ்ட் லேம்ப் என்பது ஒரு பக்கம் கிளிப், மறுபக்கம் கூர்முனை உள்ள சின்ன பல்பு. சுவிட்சைப் போட்டுவிட்டு அதன் கிளிப்பை வண்டியின் இரும்பு பாடியில் மாட்டி, முனையால் ரெண்டு புள்ளியையும் தொடுங்கள். ரெண்டிலும் எரிந்தால் பியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. ரெண்டிலும் எரியாவிட்டால் கரண்டே அங்கே வரவில்லை, சுவிட்சையோ ரிலேயையோ பார்க்க வேண்டும்.

புதுப் பியூஸ் போட்டதும் அதுவும் போனால் மேலே மேலே போட்டுத் தீர்க்காதீர்கள். பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் (21 வாட்ஸ்) ரெண்டு ஒயர் வைத்து, பியூஸ் இருந்த இடத்தில் அதைச் சொருகுங்கள். ஷார்ட் (செம்பு வெளியே தெரிந்து பாடியில் பட்டுக் கரண்ட் குறுக்கே ஓடுவது) இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், ஒயர் எரியாது. பல்பை எரியவிட்டுவிட்டு, பின்னால் போகும் ஒயரை ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தை அசைக்கும்போது பல்பு மங்குகிறதோ, அங்கேதான் கோளாறு. என் வண்டியில் அது பின் சக்கரத்துக்கு மேலே, சேஸ் ஓட்டை வழியாக ஒயர் நுழையும் இடம். ரப்பர் புஷ் இல்லை. லோடு பாடி குலுங்கக் குலுங்கத் தகரத்தின் விளிம்பு ஒயரை அறுத்து, உள்ளே செம்பு நகத்தளவு தெரிந்தது. இன்சுலேஷன் டேப் சுற்றி, பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி ஓட்டைக்குள் வைத்தேன். அதற்கப்புறம் அந்தப் பியூஸ் போகவே இல்லை.

ராத்திரியில் மீட்டர் போர்டு வெளிச்சம் திடீரென்று அணைந்தால் உடனே பின்னால் போய்ப் பாருங்கள். பல வண்டிகளில் அதற்கும் பார்க்கிங் லைட்டுக்கும் ஒரே பியூஸ். பின்லைட் இல்லாமல் பைபாஸில் ஓட்டுவது தற்கொலை. ஹசார்டுக்கு (நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுங்குவது) பெரும்பாலும் தனிப் பியூஸ்தான், அதைப் போட்டு ஓரங்கட்டுங்கள்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக மினுங்குகிறதா? அது பியூஸ் இல்லை, எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. பின்லைட்டின் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும். கழற்றிச் சுரண்டி முறுக்கினால் சரியாகிவிடும். மீன் லோடு, உப்பு லோடு அடிக்கிறவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

சரி, மீட்டர் போர்டுக்கு வருவோம். சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை லைட்டும் ஒரு தடவை எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். சாவி போட்டும் ஆயில் லைட் எரியவில்லை என்றால், வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, யாரோ அந்த ஒயரைக் கழற்றிவிட்டிருக்கலாம்.

மஞ்சள் லைட் என்றால் மெதுவாக ஊர் போய்ச் சேர்ந்து காட்டலாம். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) மஞ்சள் எரிந்தாலும் சாதா பிரேக் பிடிக்கும், ஈரத்தில் மட்டும் ஜாக்கிரதை. டீசல் பில்டரில் தண்ணீர் லைட் வந்தால் அடியில் இருக்கும் திருகைத் திருகித் தண்ணீரை வடித்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் இன்ஜெக்டருக்குக் கேடு. சிவப்பு வேறு கதை. ஆயில் கேன் படம் சிவப்பாக எரிந்தால் அடுத்த பங்க் வரை போகலாம் என்று நினைக்காதீர்கள், அங்கேயே இன்ஜினை நிறுத்துங்கள். பத்து நிமிஷம் கழித்து ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றலாம். அளவு சரியாக இருந்தும் லைட் எரிந்தால் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். சூடு லைட் வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். மீட்டர் போர்டில் பிரேக் லைட் எரிந்தால் முதலில் ஹேண்ட்பிரேக் போட்டபடி இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள்.

பேட்டரி லைட்டைத்தான் நம் ஆட்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். டைனமோ பேட்டரியைச் சார்ஜ் செய்யவில்லை என்பது மட்டும் இல்லை, அதைச் சுற்றும் பெல்ட்டே அறுந்திருக்கலாம். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. சில டீசல் பிக்கப்களில் பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் வேக்கம் பம்பும் டைனமோவின் முதுகில்தான் இருக்கிறது. பெல்ட் போனால் இன்ஜின் கொதிக்கும், பிரேக் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. பெல்ட் நன்றாக இருந்தால் ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்திலேயே எலக்ட்ரீஷியனிடம் போய்ச் சேருங்கள். வழியில் டீ குடிக்க நிறுத்தினாலும் இன்ஜினை அணைக்காதீர்கள், மறுபடி செல்ஃப் எடுக்காது.

என் டேஷ்போர்டு பெட்டியில் ஒவ்வொரு நிறத்திலும் நாலு பியூஸ், டெஸ்ட் லேம்ப், ஒயர் வைத்த அந்தப் பழைய பல்பு, ஒரு டேப், பேட்டரி கழற்ற 10-ஆம் நம்பர் ஸ்பேனர் இருக்கும். போன மாதம் உடுமலைப் பக்கம் ஒரு பையன் வெள்ளித்தாளோடு பியூஸ் பாக்ஸுக்குள் கை விட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ரெண்டு சிவப்புப் பியூஸும் அந்தப் பல்பும் கொடுத்தேன். பல்பு இன்னும் திரும்பி வரவில்லை. இன்னொன்று செய்து வைத்துக்கொண்டேன்.